ஒரே செடி, மாநிலத்துக்கு ஒரு சட்டம்: பாங், கஞ்சா, சரஸ் குறித்து வெளிமாநிலத் தமிழர் அறிய வேண்டியவை

வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மகாசிவராத்திரியும் ஹோலியும் வந்தால் கூடவே ஒரு சங்கடமும் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு ஒரு டம்ளர் தண்டாயை நீட்டுவார். பால், பாதாம், சோம்பு, மிளகு, ரோஜா இதழ் எல்லாம் அரைத்துச் சேர்த்த பானம்தான். ஆனால் ‘அது’ கலந்திருக்கிறதா என்று நாம் தயங்கித் தயங்கிக் கேட்பதற்குள் பிள்ளை பாதி டம்ளரைக் காலி செய்திருப்பான். ஊரில் நாம் கேட்டு வளர்ந்த சொல் கஞ்சா. அதைச் சொன்னாலே போலீஸ் ஞாபகம்தான் வரும். இங்கேயோ காசியின் சந்துகளில் அரசாங்க லைசென்ஸ் என்று பலகை மாட்டிய கடையில், பட்டப்பகலில், வரிசையில் நின்று பாங் வாங்குகிறார்கள். அப்படியானால் இது குற்றமா, இல்லையா?

பதில் இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. கையில் இருப்பது அந்தச் செடியின் எந்தப் பாகம்? கையில் வைத்துக்கொண்டு நீங்கள் நிற்பது எந்த மாநிலம்? இந்த இரண்டும் தெரியாமல், “அங்கே விக்கிறாங்களே, இங்கே ஏன் பிடிக்கிறாங்க?” என்று கேட்டுப் பயனில்லை. ஒரு மாநிலத்தில் வேலை, இன்னொரு மாநிலத்தில் பிள்ளையின் கல்லூரி, தமிழ்நாட்டில் சொந்த வீடு என்று மூன்று எல்லைகளைத் தாண்டி வாழ்கிற நம் போன்ற குடும்பங்கள்தான் இந்த வித்தியாசத்தில் அதிகம் மாட்டிக்கொள்ளக் கூடியவை.

முதலில் செடி. பாங், கஞ்சா, சரஸ் மூன்றும் ஒரே செடியிலிருந்து வருபவை. பெண் செடியின் பூக்கொத்தில்தான் பிசின் மிகுதி. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளும் அந்தப் பிசினில்தான் திரண்டிருக்கிறது. பூவும் காயும் கூடிய நுனிக் கொத்து கஞ்சா. பிசினைத் தனியாகப் பிரித்தெடுத்தால் சரஸ். இமாசலப் பக்கம் செடியை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து உருட்டி எடுப்பது இதைத்தான். இலையை மட்டும் அரைத்துச் செய்வது பாங். இலையில் டி.எச்.சி. குறைவு, ஆனால் இல்லாமலில்லை. விதையில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். நம் சித்த மருத்துவ மரபில் இச்செடிக்குக் கோரக்கர் மூலி என்ற பெயரும் உண்டு. ஆகவே இது வடக்கத்தியர் சமாசாரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தப் பாகப்பிரிவினையைத்தான் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. வக்கீல்கள் வாயில் என்.டி.பி.எஸ். சட்டம். அதன் இரண்டாம் பிரிவில் கஞ்சா என்றால் பூக்கும், காய்க்கும் நுனிகள் என்று விளக்கம் இருக்கிறது. நுனிகளோடு சேராத இலையும் விதையும் அந்த விளக்கத்திலிருந்து விலக்கப்பட்டுள்ளன. சரஸ் முழுவதுமாக உள்ளே. கஞ்சாவையோ சரஸையோ எதனோடு கலந்தாலும், அதிலிருந்து பானம் செய்தாலும், அதுவும் உள்ளே. இலை மட்டும் வெளியே நிற்கிறது.

இந்த விலக்கு யாரோ எழுத்தர் கை தவறி விட்டது அல்ல. 1961-இல் ஏற்பட்ட சர்வதேசப் போதைப்பொருள் ஒப்பந்தத்திலேயே கிட்டத்தட்ட இதே சொற்களில் இலையும் விதையும் விலக்கப்பட்டிருந்தன. அதற்கும் முன்னால், 1893-இல் வெள்ளைக்காரர் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்து, நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் வாங்கியது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை, முழுத் தடை வேண்டாம், லைசென்ஸும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்துவதே சரி என்று சொன்னது. சிவராத்திரிக்கும் விஜயதசமிக்கும் வழிவழியாக அரைத்துக் குடிக்கிற பொருளை ஒரே கையெழுத்தில் தடை செய்துவிட முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. வங்காளத்தில் இருப்பவர்கள் தசமியன்று ‘சித்தி’ என்ற பெயரில் இதைப் பார்த்திருப்பார்கள்.

எல்லை தாண்டினால்

மத்தியச் சட்டம் இலையை விட்டுவிட்டது. சரி, அப்போது பாங் எங்கேயும் தாராளமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 51-ஆம் இனம், மதுவோடு ‘இந்திய ஹெம்ப்’ மீதும் கலால் விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்குத் தந்திருக்கிறது. ஆகவே பாங் விஷயத்தில் உங்கள் மாநிலத்தின் கலால் சட்டமோ மதுவிலக்குச் சட்டமோதான் பேசும்.

உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில் கலால் துறை லைசென்ஸ் தரும் பாங் கடைகள் உண்டு. கோட்டை பார்க்கப் போகிறவர்கள் ஜெய்சால்மரில் அந்தக் கடையையும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். லைசென்ஸ் வாங்கிய கடையில் வாங்கலாம் என்றால், நாம் வீட்டில் அரைத்து விற்கலாம் என்று பொருளல்ல. அஸ்ஸாமிலோ கதை நேர்மாறு. அங்கே 1958-லேயே கஞ்சாவையும் பாங்கையும் சேர்த்துத் தடை செய்ய ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது.

பம்பாய் மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தைப் பாருங்கள். 1960-இல் மாநிலம் இரண்டான பிறகு, மகாராஷ்டிரம், குஜராத் இரண்டுமே அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டன. மகாராஷ்டிரத்தில் லைசென்ஸ் இல்லாமல் பாங் செய்வதும், வைத்திருப்பதும், உட்கொள்வதும் குற்றம். குஜராத்தோ 2017-இல் தன் சட்டத்தில் போதைப்பொருள் பட்டியலிலிருந்து பாங்கை எடுத்துவிட்டது. ஒரே தாய்ச் சட்டம், இரண்டு பிள்ளைகள், இரண்டு குணம்! வாபியில் செல்லுகிற தண்டாய் வசாயில் செல்லாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தில் ‘போதைப்பொருள்’ என்ற சொல்லின் விளக்கத்துக்குள் இந்தச் செடியின் இலை, சிறு காம்பு, நுனிக் கொத்து, பாங், சித்தி, கஞ்சா எல்லாமே அடங்கும். காசி யாத்திரை முடித்து வரும்போது, “தம்பிக்கு வேடிக்கையா இருக்கட்டுமே” என்று பாங் கலந்த பேடாவையோ, பாக்கெட்டில் அடைத்த உருண்டையையோ பெட்டியில் போட்டுக்கொண்டு சென்னையில் இறங்காதீர்கள். வாங்கிய இடத்தில் ரசீதோடு வாங்கியிருந்தாலும் இறங்கிய இடத்தில் அந்த ரசீது உதவாது.

கர்நாடகத்திலிருந்து ஒரு தீர்ப்பைப் பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. 2022-இல் பெங்களூருவில் சுமார் 29 கிலோ பாங்கோடு பிடிபட்ட ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது, பாங் என்பது என்.டி.பி.எஸ். சட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருள் என்று எங்கும் இல்லை என்று அம்மாநில உயர் நீதிமன்றம் கூறியது. அது உண்மை. ஆனால் அது ஜாமீன் உத்தரவு. அவர் அதற்கு முன் சிறையில் இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பிடிபட்ட பச்சைப் பொடியில் இலை மட்டும்தானா, பூக்கொத்தும் அரைபட்டிருக்கிறதா என்பது தடய அறிவியல் கூடத்திலிருந்து அறிக்கை வந்த பிறகே தெரியும். அதுவரை ஆள் உள்ளே.

பெட்டிக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்ணத்தாளில் சுற்றிய உருண்டைகளை ‘ஆயுர்வேதம்’, ‘ஜீரணத்துக்கு நல்லது’ என்று எழுதி, வடநாட்டுத் தொழிலாளர்கள் கேட்கிறார்கள் என்று ஏஜென்டுகள் கொண்டுவந்து போடுகிறார்கள். திருப்பூர், கோவைப் பக்கம் ‘கஞ்சா சாக்லேட்’ என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆயுர்வேத மருந்தில் பாங் இலை இடம்பெறலாம் என்பது சரியே. ஆனால் மருந்துச் சட்டத்தின் விதிகளில் அது நச்சுப் பொருள்களுக்கான ‘இ-1’ அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிட வேண்டியது என்ற எச்சரிக்கை லேபிளில் கட்டாயம். பத்து ரூபாய்க்குக் கடலைமிட்டாய் பாட்டில் பக்கத்தில் வைத்து விற்கிற சரக்கு அல்ல.

விதைக்கு மட்டும் வழி திறந்திருக்கிறது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக விற்க அனுமதித்தது. விதையில் டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, எண்ணெயில் 10 மில்லிகிராம். உத்தராகண்ட் 2018-இல், 0.3 சதவீதத்துக்குக் குறைவான டி.எச்.சி. உள்ள ரகத்தை நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட லைசென்ஸ் தரத் தொடங்கியது. 1985 சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆன்லைனில் ‘ஹெம்ப் புரோட்டீன்’ பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. லேபிளில் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஒரு கிலோ, இருபது கிலோ

கஞ்சா, சரஸ் என்று வந்துவிட்டால் மாநில வித்தியாசம் எல்லாம் மறைந்துவிடும். நாடு முழுவதும் ஒரே சட்டம். தண்டனை அளவைப் பொறுத்தது. 2001-இல் வெளியான அறிவிக்கையின்படி கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை, வணிக அளவு 20 கிலோவுக்கு மேல். சரஸுக்கு 100 கிராமும் 1 கிலோவும். சிறிய அளவென்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, இருபது வரை போகலாம். ஜாமீனும் லேசில் கிடையாது. ஆள் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்கே தோன்றினால்தான் 37-ஆம் பிரிவின்படி வெளியே விடலாம்.

“ஒரு கிலோ வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்று ஹாஸ்டல் பையன்கள் பேசிக்கொள்வதுண்டு. சுத்தத் தவறு. சிறிய அளவும் குற்றமே, புகைப்பதும் தனிக் குற்றமே. எடை விஷயத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கலவையாக இருந்தால் கலந்த மற்றப் பொருளையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சரஸ் துளி கலந்த கேக் பிடிபட்டால், மைதாவும் சர்க்கரையும் சேர்த்து எடை போடலாம் என்று அரசுத் தரப்பு வாதிட இது இடம் கொடுக்கிறது. பார்ட்டியில் நண்பன் கொடுத்த ‘பிரவுனி’ நூறு கிராமைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?

செடி வளர்ப்புக்கு அளவே கிடையாது. தொட்டியில் ஒன்று வளர்த்தாலும் சாகுபடிதான். பத்தாண்டு வரை போகலாம். டேராடூன், சண்டிகர் பக்கம் காலி மனைகளில் இது களையாகத் தானே முளைத்துக் கிடக்கும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஆனால் தன் நிலத்தில் பிறர் திருட்டுத்தனமாகப் பயிரிட்டது தெரிந்தால், நிலத்துக்காரர் உடனே தகவல் தர வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. தெரிந்தும் சும்மா இருந்தால் அதுவே குற்றம். ஊரில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கே இருப்பவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு வேடிக்கை: பால்கனியில் நாம் ஆசையாக வளர்க்கும் புளிச்சக்கீரையின் விரல் விரலான இலை கஞ்சா இலையைப் போலவே இருக்கும். அதன் தாவரவியல் பெயரே ‘ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்’, அதாவது கஞ்சாவைப் போன்ற செம்பருத்தி. அண்டை வீட்டார் ஒரு மாதிரி பார்த்தால் துவையல் அரைத்துக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்களும், பேயிங் கெஸ்ட் விடுதி நடத்துபவர்களும் 25-ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும். தன் வீடோ அறையோ வண்டியோ இந்தக் குற்றத்துக்குப் பயன்படுவது தெரிந்தே அனுமதித்தால், குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனையோ அதுவே உரிமையாளருக்கும். ‘தெரிந்தே’ என்ற சொல்தான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் பக்கத்து வீட்டார் இரண்டு முறை எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது எடுபடாது. வாடகை ஒப்பந்தம், குடியிருப்பவரின் போலீஸ் சரிபார்ப்பு, புகார் வந்தால் எழுத்தில் நடவடிக்கை, இந்த மூன்றையும் சோம்பேறித்தனத்தால் விடுகிறவர்களே அதிகம்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். நாமக்கல் லாரி ஓடாத மாநிலம் இல்லை. ஆந்திர-ஒடிசா எல்லையின் மலைப்பகுதியிலிருந்து கஞ்சா கிளம்பும் வழிகளும் அதே தேசிய நெடுஞ்சாலைகள்தான். டிரைவர் கேபினில் ஒரு பை இருந்தாலும் வண்டி பறிமுதல் ஆகலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது, தகுந்த முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தேன் என்று 60-ஆம் பிரிவின்படி நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர். வழக்கு முடியும்வரை வண்டி காவல் நிலைய வாசலில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதில்லை என்பதில் இப்போது ஓர் ஆறுதல் உண்டு: அஸ்ஸாம் லாரி வழக்கு ஒன்றில், தக்க நிபந்தனையோடு வண்டியை இடைக்காலமாகத் திருப்பித் தர இச்சட்டத்தில் தடையில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தவணை கட்டுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ரயிலில், விமான நிலையத்தில், போனில்

ஹௌராவிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ தெற்கே வரும் ரயிலில், “தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோ, வந்துடறேன்” என்று ஒருவர் இறங்கிப் போனால் வராமலே போகலாம். உங்கள் கையில் இருக்கும் பொருளுக்கு நீங்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 54-ஆம் பிரிவு. மற்றக் கிரிமினல் வழக்குகளில் குற்றத்தை முழுக்க நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே பொருள் உங்களிடம் இருந்தது என்று காட்டிவிட்டால், எனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். பிறர் பையைக் காவல் காக்காதீர்கள், டி.டி.இ.யிடமோ ரயில்வே போலீசிடமோ சொல்லிவிடுங்கள்.

பாங்காக் போய் வருகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். தாய்லாந்து 2022 ஜூனில் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கியது. அங்கே எப்படி இருந்தாலும் சென்னை, பெங்களூரு, மும்பை விமான நிலையங்களில் அது இறக்குமதிக் குற்றம். டிக்கெட் இலவசம், திரும்பும்போது ஒரு பெட்டி மட்டும் கொண்டுவா என்று யாராவது நம் பையனிடம் சொன்னால், அந்தப் பெட்டியில் இருப்பது சாக்லேட் அல்ல.

போனில் வருவது வேறு வகை. “உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, வீடியோவில் இருங்கள், நகரக் கூடாது” என்று யூனிபாரம் போட்ட ஒருவர் மிரட்டினால் அது மோசடி. ‘டிஜிட்டல் அரஸ்ட்’ என்று நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லை. தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். போனை வைத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் போன உடனே சொன்னால் மீட்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான சோதனை என்றால் உங்களுக்கும் உரிமை உண்டு. உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கலாம் என்று அவர்களே உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இது 50-ஆம் பிரிவு. சும்மா பேருக்குச் சொன்னால் போதாது, கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2010-இல் தீர்ப்பளித்தது. ஆனால் இந்த உரிமை உடல் சோதனைக்குத்தான். கைப்பைக்கும் பெட்டிக்கும் இது பொருந்தாது. பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும். மொழி தெரியாத மாநிலத்தில் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். போதைப்பொருள் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்க முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான் அது.

நம் சங்கங்களின் ஹோலி விழாவுக்கும் ஒரு வார்த்தை. சமையல் கான்ட்ராக்டரிடம் தண்டாய் ஆர்டர் கொடுக்கும்போதே ‘பாங் இல்லாமல்’ என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். குழந்தைகளும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்களும் குடிக்கிற பந்தி அது. பாங் வாயில் போட்ட உடனே ஏறாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைக்கு ஏறும். ஒன்றுமே ஆகவில்லையே என்று இரண்டாவது டம்ளர் வாங்குகிறவர்தான் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

கடைசியாக, வீட்டுப் பிள்ளையே பழகிவிட்டான் என்று தெரியவந்தால்? வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்தே பல பெற்றோர் மூடி மறைக்கிறார்கள். சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. புகைத்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானே விரும்பிச் சிகிச்சை எடுத்தால் அவ்வழக்கிலிருந்து விடுபடலாம். சிகிச்சையை முழுவதும் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு ரத்தாகும். எந்த மையம், எங்கே என்று கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கிய ‘மானஸ்’ எண் 1933. அதில் ஆலோசனையும் கேட்கலாம், விற்கிறவனைப் பற்றிப் பெயர் சொல்லாமல் தகவலும் கொடுக்கலாம்.